வண்டியை எவ்வளவு உயர்த்துவது

அந்த மாரிகாலப் பெரும்போகத்தில் பின்பெட்டி வைத்த எங்கள் கெப் வண்டி வாய்க்கால் கட்டுப் பாதையில் மூன்றாவது முறையாகக் குந்திக்கொண்டது. உழவு மெசின்கள் போய்வந்து பாதையின் இரண்டு பக்கமும் ஆழமாக அறுத்திருந்தன. நடுவில் நீளத்துக்கும் ஒரு மண் திட்டு. வண்டியின் வயிறு அந்தத் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சில்லுகள் சேற்றுத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு சுற்றின. வண்டி அசையவில்லை.

பின்னால் முளைநெல் மூட்டைகள் கிடந்தன. ஊறவைத்து முளைகட்டிய விதைநெல்லை அன்றைக்கே வீசிவிட வேண்டும். சாக்குக்குள் கிடக்கக் கிடக்கச் சூடேறி, முளை நீண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நானும் என் மனைவியின் தம்பியும் மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு முக்கால் மைல் தூரம் சேற்றில் நடந்தோம். கடைசி இரண்டு மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது கையை உள்ளே விட்டால் சுட்டது. அவற்றை வரம்பில் கொட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மச்சான், இனி இத உசத்தாம வயலுக்குக் கொண்டுவர ஏலா," என்றான் அவன்.

அவனுக்கு நாற்பது வயது; நானும் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். சாய்ந்தமருதில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். வயலில் இறங்கினால் அன்று முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டே இருப்பான், ஆனால் கூப்பிட்டு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. எனக்கு அப்போது அறுபது முடிந்து சில மாதங்கள்தான். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்றால் ஓய்வு கிடைக்கும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

காணி என் மனைவியுடையது. எங்கள் ஊர் வழக்கப்படி வீடும் வயலும் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டன, நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். வயல் சம்மாந்துறைக்கு அப்பால், மேற்கே, வட்டை என்று நாங்கள் சொல்லும் ஒரு பெரிய வயல்வெளியின் கடைசியில் இருக்கிறது. அதற்குப் போக அந்த வாய்க்கால் கட்டை விட்டால் வேறு வழி இல்லை.

உயர்த்துவது என்று முடிவெடுக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. எவ்வளவு, எப்படி என்பதில்தான் ஆள் களைத்துப்போனேன். தேத்தண்ணிக் கடையில் ஒருவர், பின் அச்சுக்கும் அதன் ஸ்பிரிங் வில்லுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தால் போதும் என்றார். பக்கத்தில் இருந்தவர், கட்டை வைக்கவே கூடாது, வில்லில் ஒரு தகட்டைக் கூட்டு என்றார். டயர் கடைக்காரர் டயரை மட்டும் மாற்று என்றார், அவர் டயர் விற்கிறவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது முன்பின் கதைத்திராத ஒரு மனிதர் என் தோளைத் தட்டி, வண்டியின் உடம்பையும் அடிச்சட்டத்தையும் பிரித்து நடுவில் றப்பர் வைக்கும் முறையைப் பத்து நிமிடம் விளக்கினார். வெயிலில் நின்று தலையாட்டினேன். மச்சான் தினமும் என் போனுக்கு வீடியோ அனுப்பினான். எல்லாவற்றிலும் பாலைவனத்தில் மணல் பறக்க வண்டிகள் ஓடின. எங்கள் வட்டையில் மணல் இல்லை. களி.

முப்பது வருடம் மற்றவர்கள் எடுத்த முடிவுகளைக் கோப்பில் போட்டு நூல் கட்டி வைத்தவன் நான். ஒரு சாமானை நானே தெரிந்தெடுப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வீட்டில் தளபாடம், துணி, மகளுக்கு மாப்பிள்ளை எல்லாம் மனைவிதான் பார்த்தாள். வண்டி மட்டும் ஆம்பிள்ளைகளின் விசயம் என்று என்னிடம் விடப்பட்டிருந்தது.

விதைப்பு முடிந்த கிழமை மச்சான் என்னைப் பொத்துவில் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஓடுகிற ஒருவரிடம் நாலு அங்குலம் உயர்த்திய கெப் இருப்பதாகவும், அதைப் பார்த்தால் எனக்கு வேறு எண்ணமே வராது என்றும் சொன்னான்.

சீசன் முடிந்திருந்தது. விடுதிகளின் முன்னால் கதிரைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்த மனிதர் தன் வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். சட்டைக்கு மேல் இடுப்பைச் சுற்றி அகலமான பட்டி கட்டியிருந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். வண்டி உண்மையிலேயே பார்க்க எடுப்பாகத்தான் நின்றது. மச்சான் போய் அதன் அடியில் குனிந்தான். குனியத் தேவையே இருக்கவில்லை.

"எப்பிடிக் காக்கா ஓடுது?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"பாக்கிறதுக்கு நல்லம்," என்றார் அவர். "ஓடினா முள்ளந்தண்டு கழருது. வளைவுல சாயுது. முன் சில்லுக்குள்ள இருக்கிற மூட்டு ரெண்டு தரம் போயிட்டு. உங்களுக்குத் தேவையெண்டா சொல்லுங்க, இதையே தாறன்."

"விக்கப் போறீங்களா?"

"ஆறு மாசமாச் சொல்லிட்டுத் திரியிறன். வாறவன் எல்லாம் பக்கத்துல நிண்டு போட்டோ எடுத்திட்டுப் போறான்."

திரும்பி வரும்போது மச்சான், அந்த ஆள் வண்டியைப் பராமரிக்கத் தெரியாதவர் என்றான். அக்கரைப்பற்றுத் தாண்டும்வரை அந்த இடுப்புப் பட்டியே என் கண்ணுக்குள் நின்றது.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு மனைவியிடம் சொன்னேன். அவள் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். கரும்பலகையின் முன்னால் நின்று நின்று இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதம் ஒருமுறை கல்முனையில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போவேன். ஒரு பிளாஸ்டிக் முக்காலியை வைத்து, அதில் ஏறி, பிறகு வண்டிக்குள் ஏறுவாள்.

"எவ்வளவு உசத்தப் போறீங்க?"

"நாலு அங்குலம் எண்டு உங்கட தம்பி நிக்கிறான். நான் இன்னும் முடிவெடுக்கல்ல."

அவள் அளக்கும் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். கதவைத் திறந்து, ஏறும் இடத்தில் அதை நிறுத்திப் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள்.

"சரி. வயலுக்குத் தேவையெண்டா உசத்துங்க," என்றாள்.

சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கணிதம் படிப்பித்தவள் அளந்து பார்த்துவிட்டு அளவைச் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காரைதீவில் ஒரு கராஜ் இருக்கிறது. தென்னை மரங்களுக்கு நடுவில் தகரக் கொட்டில். அதை வைத்திருக்கும் தமிழர் எழுபதை நெருங்குகிறார். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். வேலையில் ஆமை. ஆனால் அவர் பூட்டிய சாமான் இரண்டாம் தரம் கழன்று நான் பார்த்ததில்லை.

அவர் வண்டிக்கு அடியில் போய் நெடுநேரம் படுத்திருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க தம்பி இடிக்குது?"

"நடு வயிறு. பின்னுக்கும் கொஞ்சம்."

"பின்னுக்கு இடிக்கிறது அச்சுக்கு நடுவுல இருக்கிற உருண்டை. அது சில்லோட நிக்கிற சாமான். வில்ல உசத்தினா வண்டிட உடம்புதான் மேல போகும். உருண்டை நிலத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு கிட்டத்தான் இருக்கும். அதுக்கு டயர் பெருக்கணும். அதையும் கண்டபடி பெருக்க ஏலா, திருப்பக்குள்ள மட்காட்டுல உரஞ்சும்."

"அப்ப என்ன செய்யலாம்?"

"பின்னுக்குப் புது வில். ஒண்டரை, கூடினா ரெண்டு அங்குலம். ஒரு அளவு பெரிய டயர். குலுக்கம் அடக்க நல்ல சொக். அவ்வளவுதான் இந்த வண்டி தாங்கும். வில் கொழும்பால வரணும். மூணு கிழமை எடுக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "வண்டியில ஆரெல்லாம் ஏறுற? வயசு போன ஆக்கள், பொம்புளைகள் ஆரும்?"

"இல்லண்ணன். நானும் சாமானும்தான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னால் இன்னும் பல கேள்விகள் வரும், இன்னும் பல அளவுகள் வரும், இன்னும் ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும் என்று உள்ளுக்குள் ஒரு சோம்பல். அவ்வளவுதான். மனைவியை ஒரு சொல்லில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டேன்.

மூன்று கிழமை பொறுக்க முடியாது என்று மச்சான் சொன்னான். இரண்டாவது தடவை பசளை உரம் போட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறொரு ஊரில் அவனுக்குத் தெரிந்த கராஜ் ஒன்று இருந்தது. காலையில் விட்டால் பின்னேரம் எடுக்கலாம். பின்னுக்கு இரும்புக் கட்டை, முன்னுக்கு இருக்கிற முறுக்குக் கம்பியை இன்னும் இறுக்குவது, மூன்றரை அங்குலம் உயரும். இருந்த டயரே போதும், இவ்வளவு உசரத்துக்கு உருண்டை எங்கே இடிக்கப்போகிறது என்றான். காரைதீவு அண்ணன் விளங்கச் சொன்னது என் காதில் இன்னும் இருந்தது. இருந்தும் "ஓம், கொண்டு போ" என்றேன். களைத்த மனிதனுக்கு, இன்றைக்கே முடிந்துவிடும் என்கிற சொல்லைப் போல இனிப்பானது வேறொன்றும் இல்லை.

பின்னேரம் வண்டி வந்து வாசலில் நின்றது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மச்சான் சாவியை என் கையில் தந்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரனைப் போலச் சிரித்தான். வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு ஓட்டிப்போவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சிறு கல்லில் ஏறினாலும் பல்லோடு பல் அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை கிளினிக் நாள். மனைவி முக்காலியில் ஏறி நின்று பார்த்தாள், எட்டவில்லை. நான் பின்னால் நின்று தாங்கிக் கொடுத்தேன். இருக்கையில் ஒருபக்கமாக விழுந்து, பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கல்முனை வரைக்கும் ஒவ்வொரு குழியிலும் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கிளினிக் வாசலில் எப்போதும் போல நெருக்கடி. நான் வண்டியை ஓரம் கட்டியதும் பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது.

"நில்லுங்க, முக்காலிய எடுத்துத் தாங்க," என்றாள்.

முக்காலி பின்பெட்டியில் இருந்தது. பஸ்காரன் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தான்.

"கெதியா இறங்குங்க புள்ள, பின்னால பஸ் நிக்கிது," என்றேன்.

அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே விட்டாள். நிலம் அவள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. அபாயாவின் ஓரம் எங்கோ மாட்டிக்கொண்டது. இரண்டு முழங்காலும் தாரில் அடிபட விழுந்தாள். நான் இறங்கி ஓடிவருவதற்குள், பாண்டிருப்புப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து ஒற்றைச் செருப்பை எடுத்துக் கொடுத்தார். மற்றவர் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல," என்றாள் மனைவி, அந்தப் பெண்களிடம். டொக்டர் காயத்தைப் பார்த்துக் கேட்டபோது, "படியில தவறிட்டன்" என்றாள். வெளியே வந்ததும் கையை நீட்டி ஒரு ஓட்டோவை மறித்து, ஏறிப் போய்விட்டாள். நான் வெறும் வண்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகு எங்கே போவதென்றாலும் ஓட்டோதான். கோபம் காட்டவில்லை. சோறு போட்டாள், மகள் கட்டாரிலிருந்து கோல் எடுத்தால் என்னிடமும் போனைத் தந்தாள். எல்லாம் வழமைபோல நடந்தது. முப்பத்திரண்டு வருடம் ஒன்றாக இருந்தவர்கள் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. முற்றத்தில் நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு அவள் கேற்றுக்குப் போகும்போது எனக்குப் போதுமான தண்டனை கிடைத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவும் வயலுக்காகச் செய்தது. வயலில் என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். பசளை மூட்டைகளோடு வாய்க்கால் கட்டில் ஏறினோம். நடு வயிறு திட்டைத் தொடாமல் போனது. மச்சான் என் தொடையில் தட்டி, "பாத்தீங்களா மச்சான்!" என்றான். நூறு மீற்றர்கூடப் போயிருக்க மாட்டோம், வண்டி பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் முனகியது. இறங்கிப் பார்த்தோம். பின் அச்சின் உருண்டை திட்டைக் கலப்பைபோல உழுது, ஒரு பெரிய மண்கட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அதிலேயே முட்டி நின்றது. மச்சான் சேற்றில் இறங்கி நின்று அந்த உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒரு பசளை மூட்டையைத் தலையில் தூக்கினான். நானும் தூக்கினேன்.

தை மாதம் நான் தனியே காரைதீவுக்குப் போனேன். அண்ணன் வண்டி வரும்போதே கண்டுகொண்டார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடியில் போய்ப் பார்த்துவிட்டு, முன் சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"கன நாள் ஓடல்ல போல. ஓடியிருந்தா இந்த மூட்டு கழண்டிருக்கும்," என்றார். "கட்டையக் கழட்டுவமா?"

"கழட்டுங்கண்ணன். நீங்க முதல் சொன்னதையே செய்யுங்க." சாவியை அவரிடம் நீட்டினேன். "அண்ணன், அண்டைக்கு ஆரு ஏறுற எண்டு கேட்டீங்க. மனிசியும் ஏறுவா. அவவுக்கு முழங்கால் ஏலா. இதுல இருந்து விழுந்திட்டா."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"முதல்ல எந்தக் கால வைப்பா?"

"என்னண்ணன்?"

"ஏறக்குள்ள. வலமா, இடமா? எந்தக் கால் பலம்?"

எனக்குத் தெரியவில்லை. மாதாமாதம் அவள் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

"கூட்டிட்டு வாங்க," என்றார் அவர். "வில்ல மாத்த முன்ன ஒருக்காப் பாக்கணும்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன நெல் மூட்டையா, கொண்டுபோய் நிறுத்துப் பாக்க?"

"அவர் கேட்டார் புள்ள. நான் சொல்லல்ல."

"என்ன கேட்டார்?"

"எந்தக் கால முதல்ல தூக்குவீங்க எண்டு."

கத்தி நின்றது. "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியா எண்டன்."

அவள் வெட்டிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். நான் அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டேன். அழகாகக் கேட்கவில்லை. பஸ் ஹோன் அடித்தது, நெருக்கடி, நான் என்ன செய்ய என்று தொடங்கி, நடுவில் அதை விட்டுவிட்டு, "நான் முக்காலிய எடுத்துத் தந்திருக்கணும்" என்றேன். அவள் அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

"இடக் கால்," என்றாள். "வலது மடங்காது. ரெண்டு வருசமா."

மறுநாள் அவள் வந்தாள். ஓட்டோவில்தான். நான் வண்டியில் முன்னால் போனேன், அவள் பின்னால் வந்தாள். அண்ணன் அவளுக்குக் கதிரை போட்டு, தன் வீட்டிலிருந்து தேத்தண்ணி வரவழைத்தார். அவருடைய பேத்தி ஒருத்தி கணிதப் பரீட்சையில் தவறியதைப் பற்றி இருவரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். பிறகு அவர் பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து கதவுக்குக் கீழே அடுக்கினார்.

"வாங்க தங்கச்சி, இதுல இடக் கால வைங்க. ஏலாட்டிச் சொல்லுங்க, ஒரு பலகை கூட்டுவம்."

ஒன்று கூட்டினார், ஒன்று குறைத்தார். அவள் வைத்தாள், எடுத்தாள். கை எங்கே பிடிக்கப் போகிறது என்று பார்த்து, கதவுச் சட்டத்தில் வெண்கட்டியால் கோடு போட்டார். கட்டை வைத்த உயரத்தில் எந்தப் பலகையும் சரிவரவில்லை. வண்டியை முட்டுக் கொடுத்து, கட்டைகளைக் கழற்றி, மெல்ல இறக்கினார். ஒன்றரை அங்குலம் வரும் என்று கணக்குப் பண்ணிய இடத்தில் நிறுத்திவிட்டு அவளை மறுபடி கூப்பிட்டார். அவள் ஏறி இருந்தாள். தானாகவே இறங்கினாள்.

"ரெண்டு வேணாமா அண்ணன்?" என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

"அரை அங்குலம் வயலுக்குப் பெருசா ஒண்டும் தராது தம்பி. இவவுக்கு அது பெருசு."

வில் வர மூன்று கிழமை என்றார், ஐந்து கிழமை எடுத்தது. அதுவரை பசளையும் மருந்தும் பெட்டி பூட்டிய வாடகை உழவு மெசினில் போயின. பின்னுக்குப் புது வில், நாலு சொக், ஒரு அளவு பெரிய டயர், முன்பக்கம் பழையபடி. இடப்பக்கக் கதவுக்குக் கீழே அகலமான இரும்புப் படி ஒன்றை ஒட்டி, மேலே பிடி ஒன்றும் பூட்டிக் கொடுத்தார். தெருவில் யாரும் நின்று பார்க்கவில்லை. மச்சான் ஒருமுறை சுற்றிவந்து, "உசத்தின மாதிரியே தெரியல்ல" என்றான்.

மாசி கடைசியில் அறுவடை. மெசின்காரர்களுக்கும் வேலையாட்களுக்கும் பகல் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். அன்று மனைவி சோற்றுப் பார்சல்களைக் கட்டி முடித்துவிட்டு, கையைக் கழுவி, அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாறன். கதிர் எப்பிடி எண்டு பாக்கணும்."

நான் போய் வண்டியை எடுத்தேன்.

முதல்நாள் இரவு, காலம் தப்பிய மழை பெய்திருந்தது. வாய்க்கால் கட்டில் பாதித் தூரம் நன்றாகத்தான் போனோம். குழிகளில் வண்டி அமுங்கி எழும்பியது, எங்கேயும் இடிக்கவில்லை. மூன்றாவது மதகுக்குப் பக்கத்தில், உழவு மெசின் ஒன்று வாய்க்கால் கட்டை அறுத்துவிட்டிருந்த இடத்தில், முன் சில்லு இரண்டும் ஒரு குழிக்குள் இறங்கி நின்றுவிட்டன. பின்னுக்கு எடுத்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது.

இஞ்ஜினை நிறுத்தினேன். மச்சானுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மெசின்காரனுக்கு அடித்தேன். மெசின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. சுற்றிவரப் பழுத்த வயல், மனிதச் சத்தமே இல்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"பசிக்குதா?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவள் பின் இருக்கையிலிருந்து இரண்டு பார்சலை எடுத்தாள். சோறு, பருப்பு, நெத்தலிப் பொரியல், ஒரு துண்டு மாங்காய். வண்டி முன்னுக்குச் சாய்ந்து நின்றதால் மடியில் வைத்த பார்சல் சறுக்கியது. அவள் என் பார்சலின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டே கதைத்தோம். மகள் அடுத்த வருடம் வந்து நிற்கப் போவதாகச் சொன்னது எனக்கு அப்போதுதான் தெரியும். டொக்டர் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்வது பற்றிக் கதைத்திருக்கிறார், அதுவும் எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இந்தச் சிறுபோகம் செய்ய வேணாம்," என்றாள்.

"காணி சும்மா கிடக்குமே?"

"கிடக்கட்டும். இல்லாட்டி ஆருக்கும் ஒரு போகத்துக்குக் குடுப்பம். என்ட காணிதானே, நான் சொல்றன். உங்களுக்கும் ஏலா, எனக்கும் ஏலா. கால வெட்டிட்டு வந்து நான் கட்டில்ல கிடக்கக்குள்ள நீங்க வயலுக்குள்ள நிப்பீங்களா?"

"ஓம்" என்று சொல்ல வாய் வந்தது. முப்பது வருடமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். "இல்ல" என்றேன்.

"அப்ப சரி."

வயலை விடச் சொல்லும் ஒரு சொல்லுக்காக எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. கண் கரித்தது. மாங்காய்த் துண்டில் மிளகாய்த்தூள் கூட என்று சொன்னேன். அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

வண்டி சேற்றில் நின்று ஒரு மணித்தியாலம் ஆனபோது தூரத்தில் உழவு மெசின் ஒன்று வந்தது. ஓட்டிவந்தவன் எங்கள் வேலையாள்தான், சாப்பாடு வரவில்லை என்று தேடிப் புறப்பட்டிருக்கிறான். ஐம்பது வயது ஆள். பசியில் முகம் கறுத்திருந்தது. எங்கள் மடியில் விரித்த பார்சல்களைக் கண்டதும் இன்னும் கறுத்தது.

"நாங்க அங்க வயிறு காஞ்சு கிடக்கம், நீங்க ரெண்டு பேரும் இஞ்ச..." என்று தொடங்கி, மனைவியைக் கண்டு நிறுத்தினான். சங்கிலியை எடுத்து மாட்டினான். "ரீச்சர், ஒருக்கா இறங்கினீங்கெண்டா லேசா இருக்கும்."

அவள் கதவைத் திறந்து கீழே பார்த்தாள். படி அரைவாசி சேற்றுக்குள் இருந்தது. கதவைச் சாத்திவிட்டாள்.

"சும்மா இழு தம்பி," என்றாள். "நானும் இருந்தாத்தான் அவர் மெல்லமா ஓட்டுவார்."

அவன் சிரித்தான். உழவு மெசின் புகையைக் கக்கிக்கொண்டு இழுத்தது. முதல் இழுவையில் வரவில்லை. இரண்டாவதில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏறியது. அவள் மேலே இருந்த பிடியை ஒரு கையாலும் மிஞ்சிய பார்சல்களை மறுகையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் மூன்று மணி. அவள் வரம்பில் இறங்கி நின்று கதிர் ஒன்றைப் பறித்து, உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தாள். நல்ல மணி என்றாள். மெசின்காரர்கள் சாப்பிட இருந்தார்கள். நான் வண்டியின் நிழலில் சாக்கை விரித்துப் படுத்தேன். யாரும் எழுப்பவில்லை.